முத்துராமனுக்கு டி.பி. இல்லை

பொன்னமராவதியில் தபால்காரராக இருந்த முத்துராமனுக்கு 1957இல் முப்பத்துமூன்று வயது. பீடி குடித்தவரில்லை. ஆனாலும் அந்த வருஷம் சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பத்து வீடு தாண்டுவதற்குள் எங்காவது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். உள்ளே போன மூச்சு வெளியே வரச் சிரமப்பட்டது.

ஊர் அதை டி.பி. என்றது. உள்ளூர் வைத்தியரும் அப்படியே நினைத்து ஊசி போட்டார். யாரும் சொல்வதற்கு முன்பே முத்துராமன் தன் தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய கூரைக் குடிசைக்குப் போய்விட்டார். மனைவி அழகம்மாள் சோற்றை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவாள். கைக்குழந்தையாக இருந்த மகள் செவந்தி, அங்கிட்டுப் போகக் கூடாது என்பதைக் கேட்டே வளர்ந்தாள். இரண்டரை வருஷம் அவர் அவளைத் தொடவில்லை. ஊசி போட்ட இடம் மரத்துப்போனதே தவிர இளைப்பு குறையவில்லை.

1960இல் லீவு போட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போனார். அங்கே ஒரு டாக்டர் சளியை நான்கு முறை சோதித்தார். கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் ஊதிப் போய்த் தொய்ந்து தெரிந்தது. கூடப் பிறந்தவர்களைப் பற்றி விசாரித்தார். தங்கை உண்ணாமலை ஒன்பது வயதில் கண் மஞ்சளித்து, வயிறு வீங்கி இறந்ததை முத்துராமன் சொன்னார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டருக்கே விளங்கவில்லை. எழுதி மட்டும் வைத்துக்கொண்டார்.

"ஒங்களுக்கு டி.பி. இல்லைங்க," என்றார்.

"அப்ப இது என்னங்க?"

"தெரியலை. பொறவிக் கோளாறா இருக்கலாம். ஒட்டாது. புள்ளையத் தாராளமாத் தூக்கலாம்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அழகம்மாள், "ரெண்டரை வருஷமும் சும்மாதானா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தட்டையும் டம்ளரையும் எடுத்துவந்து வீட்டுக்குள் வைத்தார்.

செவந்தி அவரிடம் வர மேலும் பதினோரு நாளானது. வந்தவளைத் தூக்கினார். இடுப்புவரை கொண்டுவருவதற்குள் மூச்சு வாங்கியது, இறக்கிவிட்டார். பிறகு அவள்தான் அவர் பக்கத்தில் வந்து உட்காரப் பழகிக்கொண்டாள்.

இன்றைக்கானால் வேறொன்றைச் சந்தேகித்திருப்பார்கள். கல்லீரலில் உருவாகி, ரத்தத்தில் போய் நுரையீரலைக் காக்கும் புரதம் ஒன்று உண்டு. சிலருக்கு அது பிறவியிலேயே தப்பாக மடிந்து, கல்லீரலை விட்டு வெளியேறாமல் அங்கேயே கட்டிக்கொள்கிறது. ஒருவருக்குக் கல்லீரல் கெடும். இன்னொருவருக்குக் காவலில்லாத நுரையீரல் அரித்துப்போகும். அந்தப் புரதம் சிலருக்குக் குறைவதை ஸ்வீடனில் கண்டு எழுதியதே 1963இல்தான். மடிப்புப் பிசகு தெரிய இன்னும் பல வருஷமானது. அண்ணனுக்கும் தங்கைக்கும் அதுதானா என்று இனிச் சோதிக்க வழியில்லை.

ஆபீசில் உட்கார்ந்து முத்திரை குத்தும் வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். 1964 ஐப்பசியில், படுத்தால் மூச்சு முட்டுமென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபடியே இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தெருவிலேயே நின்றுகொண்டார்கள். டி.பி. இல்லை என்று நாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்த அழகம்மாள், அன்றைக்கு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.