அந்த மரை யாருடைய பைப்பில் அளந்தது

1. கயிற்றில் தொங்கிய மோட்டார்

"மேடம், மோட்டாரு கயித்துல தொங்கிக்கினு கீது" என்று தங்கராசு போனில் சொன்னபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பட்டறை திறந்து அரை மணிகூட ஆகவில்லை. டீ கூடக் குடிக்கவில்லை.

தங்கராசு கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் டேங்க் ஆபரேட்டர். ஊருக்கு இருப்பது ஒரே போர்வெல். அதன் மோட்டாரைப் பைப்போடு இணைக்கும் அடாப்டரை இரண்டு நாள் முன்புதான் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருந்தோம். அதைக் கடைய கம்ப்யூட்டரில் அளவுப் படம் போட்டது நான்.

"இன்னா ஆச்சுங்க?"

"நாலு மரை ஏறுச்சு, அப்பால ஏறல. செயின் ரென்ச்சு போட்டு இறுக்கிட்டு எறக்கினோம். பைப்பு கழுத்தாண்ட ஒடைஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். சேஃப்டிக் கயிறுதான் புடிச்சிக்கினு கீது. ஊரே ஓடையில தண்ணி மொண்டுக்கினு கீது மேடம்."

கயிறு அறுந்தால் மோட்டார் மட்டும் போகாது. போரே அடைத்துக்கொள்ளும். இன்னொரு போர் போட, அந்த மேட்டுக்கு வண்டி ஏறுவதே கஷ்டம்.

முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும் அவருக்கு. "நீயே போய் அளந்துக்கினு வா சாந்தி. போன்ல போட்டோ பாத்து படம் போட்டது போதும்" என்றார்.

முழங்கால் வலி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

2. பட்டியலில் நான் சேர்த்த வரி

நடந்தது என்னவென்று புரிய, கொஞ்சம் வேலை விவரம் சொல்ல வேண்டும். படம் போடும் சாஃப்ட்வேரில், திருகி மாட்டும் மரைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. மில்லிமீட்டர் மரை, இன்ச் மரை எல்லாம் அதில் இருக்கும். தேர்ந்தெடுத்தால் படத்தில் வந்து உட்காரும். ஆனால் போர்வெல் பைப்புக் கம்பெனிகள் ஆளுக்கொரு மரை வைத்திருக்கின்றன. அவை பட்டியலில் இருக்காது. நாம்தான் அந்த ஃபைலைத் திறந்து வெளி விட்டம், உள் விட்டம், மரைக்கு மரை உள்ள இடைவெளியான பிட்ச் எல்லாம் டைப் அடித்து, ஒரு பெயர் வைத்துச் சேர்க்க வேண்டும். சாஃப்ட்வேரை மூடித் திறந்தால் நம்முடைய மரையும் பட்டியலில் நிற்கும். பெரிய பெரிய மரைகளுக்குப் பக்கத்தில், அதே எழுத்தில், அதே மரியாதையோடு.

பத்தொன்பது வருஷத்தில் நாற்பதுக்கு மேல் சேர்த்திருக்கிறேன். கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அதில் ஒன்று ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி ஒருவருக்காகச் சேர்த்தது. அவர் பைப்பின் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது, கடையில் அடாப்டர் கிடைக்காது. பைப்பைக் கொண்டுவந்து போட்டார். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன், அடாப்டர் செய்தோம், கச்சிதமாக ஏறியது. அந்த அளவைக் கம்பெனி பெயரிலேயே பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

தங்கராசு பைப்பின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேலே அதே கம்பெனி பெயர். பழைய அடாப்டர் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது என்றார். "பைப்ப எடுத்துக்கினு வரட்டுமா மேடம்?" என்று கேட்கவும் செய்தார்.

"வேணாங்க. அளவு நம்மகிட்டயே இருக்கு" என்றேன். அன்றைக்கு எனக்குக் கைநிறைய வேலை. அவரும் மலையிறங்கி அலைய வேண்டாமே என்று நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்கு இன்னொரு தடவை அளக்கச் சோம்பல்.

3. அது யாரு பைப்பு?

நான் பஸ் மாறி, மிச்சத்துக்கு ஒருவர் பைக்கில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது மேல் பைப்புகளையெல்லாம் கழற்றி வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கயிறு மட்டும் போருக்குள் இறங்கியிருந்தது. பன்னிரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். ஓரிடத்தில் கயிற்றின் ஒரு புரி அறுந்து பஞ்சாக நின்றது. தங்கராசு அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டே இழுத்தார், பொத்தினால் அறாது என்பதுபோல.

மோட்டார் வந்துவிட்டது. தலையில் என் அடாப்டர், அதற்குள் உடைந்த பைப்பின் துண்டு.

கிடத்தியிருந்த பைப்பின் மரையை அளந்தேன். பட்டியலில் இருந்ததைவிட அரை மில்லி பெரிது. நம்பாமல் அடுத்த பைப்பை அளந்தேன். அதுவும் அப்படியே. அப்போதுதான் உறைத்தது. ரிஷிவந்தியத்துக்காரர் வெயில் காலம் வந்தால் மோட்டாரை மேலே எடுப்பார், திரும்ப இறக்குவார். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி அவர் மரை தேய்ந்திருந்தது. இங்கே ஒரே தடவை இறக்கி அப்படியே விட்ட பைப். மரை இன்னும் புதுசு. தேய்ந்த பைப்பை அளந்து, அதைக் கம்பெனி அளவு என்று பெயர் எழுதி வைத்தவள் நான்.

குடத்தோடு நின்றிருந்த வெள்ளச்சி என்கிற அம்மா பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, எங்க பைப்ப நீ மொதல்ல பாத்தியா?"

"இல்லைங்க."

"அப்பால அளவு எப்டித் தெரிஞ்சுது?"

"கம்ப்யூட்டர்ல இருந்துச்சுங்க."

"அது யாரு பைப்பு?"

அவர் திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தங்கராசு குனிந்து ரென்ச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லாத கோபத்தில் ஊர் அவரைத்தான் ஏசிக்கொண்டிருந்தது. "தப்பு என்னுதுங்க, இவருது இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேனோ என்று பிறகு தோன்றியது.

அளவை போனில் பட்டறைக்குச் சொன்னேன். முதலாளியே மெஷினில் நின்று அடாப்டர் கடைந்து, அடுத்த பஸ்ஸிலேயே கொடுத்துவிட்டார். உடைந்த கடைசி பைப்பை விட்டுவிட்டு, அதற்கு மேல் பைப்பில் மாட்டினோம். தங்கராசு ரென்ச்சை எடுத்தபோது தடுத்தேன். வெறுங்கையால் சுற்றச் சொன்னேன். கடைசி மரை வரை ஏறியது. புதுக் கயிறு கட்டி இறக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெள்ளச்சி ஒரு சொம்பில் பிடித்துக் கொடுத்தார். மண் கலங்கிய தண்ணீர். குடித்தேன்.

4. இப்போது

சாஃப்ட்வேர் அப்டேட் ஆகும்போதெல்லாம் நாம் சேர்த்த மரைகள் அழிந்துபோகின்றன. காப்பி எடுத்துவைத்துத் திரும்பப் போடலாம், ஐந்து நிமிஷ வேலை. முதலாளியும் அதைத்தான் சொல்கிறார். நான் செய்வதில்லை. அளவுகளை எழுதிவைத்திருக்கும் நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாக அடிக்கிறேன். கண் எரியும், தோள் பிடித்துக்கொள்ளும், அந்த நாள் அதிலேயே போய்விடும்.

பெயர் வைக்கும் இடத்தில் இப்போது கம்பெனி பெயர் மட்டும் இருப்பதில்லை. யாருடைய பைப், புதுசா தேய்ந்ததா, அளந்தது யார், மூன்றும் இருக்கும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பதும் அவ்வளவுதான்.

அந்தப் பழைய வரியை நான் நீக்கவில்லை. ரிஷிவந்தியத்தில் அந்த மோட்டார் இன்னும் ஓடுகிறது, அவர் பைப்புக்கு அதுதான் சரியான அளவு. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் முதலில் அடிக்கிறேன்: ரிஷிவந்தியம் பைப், தேய்ந்தது, அளந்தது சாந்தி.