கொடிகாமத்துக்கு நாலாவது ஆள்

சுபாஜினிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதை அவளே மறுக்க மாட்டாள். கரவெட்டியிலிருந்து கொடிகாமம் ரயில் நிலையத்துக்கு நம்பிப் போக ஒரு வாகனம் இல்லையே என்று ஊரெல்லாம் சண்டை பிடித்துத் திரிந்தவள். காலை பஸ் வந்தால் வரும். வராவிட்டால் கிளிநொச்சிக்குப் போகிற ரயில் கண்ணெதிரே போய்விடும். அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை. இரண்டு பிள்ளைகளையும் அந்தச் சம்பளத்தில்தான் படிப்பிக்கிறாள். "இன்னொருக்காப் பிந்தினால் வேறை ஆளைப் பாப்பன்" என்று முதலாளி அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பக்கத்து ஒழுங்கைத் தம்பிஐயாவோ தன் கடைக்குத் தேங்காய் எடுக்கத் தினமும் வெறும் காரில் கொடிகாமச் சந்தைக்குப் போகிறவர். சுபாஜினி விடுவாளா? பயணம் பகிர்கிற செயலியொன்றை அவருடைய போனில் ஏற்றி, பெற்றோல் செலவில் பங்கு வரும் என்று ஆசை காட்டிச் சம்மதிக்க வைத்தாள்.

முதல் நாள் அதே செயலியைப் பார்த்து இன்னொருத்தியும் வந்தாள். வினோஜா, கிளிநொச்சியில் படிப்பிக்கிற ரீச்சர். இருவரும் ஏறியதும் தம்பிஐயா திரும்பி எண்ணிப் பார்த்தார். எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"மூண்டு பேராய் வெளிக்கிடக் கூடாது, பிள்ளை. போற காரியம் உருப்படாது."

"ஐயோ, கோச்சி போயிடும் ஐயா!" என்றாள் வினோஜா, ரயில் நேரத்தைப் பார்த்து.

"அதுக்கு நான் என்ன செய்ய? இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கோ."

ஒழுங்கையில் ஒரு ஈ காக்கை இல்லை. சுபாஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கினாள், அவர் வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு நேரே குசினிக்குள் போனாள். அவர் மனைவி கனகாம்பிகை இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அன்ரி, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. கொடிகாமத்துக்குப் போவம்."

"உந்தச் சீலையோடையோ?"

"உங்களை ஆரும் பொம்பிளை பாக்க வரேல்லை. வாங்கோ!"

கனகாம்பிகை மாக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன் சீற்றில் ஏறினாள். கல்யாணம் கட்டின நாள் தொட்டு அவளை ஒருக்காலும் சந்தைக்குக் கூட்டிப்போகாத மனுசன் கண்ணை உருட்டிப் பார்த்தார்.

"என்ன பாக்கிறியள்? இப்ப நாலு பேர். எடுங்கோ காரை!" என்றாள் சுபாஜினி.

கார் பறந்தது. அவர்கள் போய்ச் சேர ரயிலும் வந்து நின்றது. "நாளைக்கும் நான் வருவன், உந்தப் போனிலை என்ரை பேரையும் போடு!" என்று கனகாம்பிகை பின்னால் கத்தியது மேடைவரை கேட்டது. அன்றைக்கு சுபாஜினிக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவே இல்லை.

முதலாளி அம்மா வந்தபோது பூட்டிய கடை வாசலில் சுபாஜினி நின்றாள்.

"என்ன, இண்டைக்கு வெள்ளனவே?"

"ஓம் அம்மா. நீங்கள்தான் பிந்திப்போனியள்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். முதலாளி அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, கடைத் திறப்புக் கொத்தை அவள் கையில் வைத்தார்.

"அப்ப நாளையிலை இருந்து நீயே திற."