செக்கிங் மெஷின் குமிழ்

என் மேசை இழுப்பறையில், சேம்பிள் பட்டன்களுக்கும் லேபிள்களுக்கும் நடுவே ஒரு கறுப்புக் குமிழ் கிடக்கிறது. செக்கிங் மெஷினில் துணி ஓடும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகுவோமே, அந்தக் குமிழ்தான். அதோடு சேர்ந்த கன்ட்ரோலின் முதுகில் 'பத்து கே', அதாவது பத்தாயிரம் ஓம் மின்தடை, என்று போட்டிருக்கும். இதைப் போய் ஒருவர் எலக்ட்ரிக் கிட்டாருக்குள் மாட்டினார் என்றால் யாராவது நம்புவார்களா? மாட்டினார். என் கிட்டாரில்தான் மாட்டினார். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர் சேவூர்க்காரர். எல்லாருக்கும் அவர் மெயின்டனன்ஸ் அண்ணன். நெற்றி நிறையத் திருநீறு, கையில் எப்போதும் ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவர். நிட்டிங் மெஷின் ஏதாவது முனகினால், ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "பேரிங் போகுதுங்க" என்று அவர் சொன்னால் பேரிங் போய்த்தான் இருக்கும். அது அவருடைய ஸ்டைல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். எங்கள் சபையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்க அனுமதி கேட்டு இரண்டு வருஷம் நடையாய் நடந்திருக்கிறேன். "அது கச்சேரிக்காரங்க வாசிக்கிறதும்மா" என்று பெரியவர்கள் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரே ஒரு பாட்டுக்குச் சம்மதித்தார்கள். அது சரியில்லையென்றால் இனி பேச்சே எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. என்னுடையதோ பழைய கிட்டார். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பிக்கப் அதில் செத்தே போயிருந்தது. இரட்டைச் சுருள் வைத்த புதுப் பிக்கப் ஒன்றை வரவழைத்தேன். ஒற்றைச் சுருளுக்கு இருநூற்றைம்பது கே, இரட்டைச் சுருளுக்கு ஐந்நூறு கே என்று அதோடு வந்த தாளிலேயே தெளிவாகப் போட்டிருந்தது. அந்த எண் குறையக் குறைய, சத்தத்தில் உள்ள கூர்மையெல்லாம் எர்த்துக்கு வடிந்துவிடும். அதனால் ஐந்நூறு கே கன்ட்ரோல் இரண்டு வாங்கி, பிக்கப்போடு சேர்த்து அண்ணனிடம் கொடுத்தேன். எனக்குச் சால்டரிங் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டனுங்க அம்மிணி" என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவரைக் கிட்டாரின் வயிற்றில் வைத்துக் காதோடு அழுத்திக் காட்டினார். ஷிப்மென்ட் அவசரத்தில் நானும் சிரித்துவிட்டு வாங்கிப் போனேன். மறுநாள் ஒத்திகையில் கம்பிகளைச் சேர்த்து மீட்டி முதல் கார்டு வாசித்ததுமே பாடகர் குழுத் தலைவர் முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, தலகாணிக்குள்ள இருந்து வாசிக்கியா?" வீட்டுக்கு வந்து பின்மூடியைக் கழற்றினால், உள்ளே வால்யூமுக்கு ஒன்று, டோனுக்கு ஒன்று என்று இரண்டு செக்கிங் மெஷின் கன்ட்ரோல்கள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன!

தையல் நூலில் ஒரு ஷேடு மாறினாலும் ஆர்டர் கொடுத்த பையருக்கு மெயில் போட்டு அப்ரூவல் வாங்காமல் ஒரு பீஸ் தைக்க மாட்டோம். அந்தக் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, ஐந்நூறு கேட்ட இடத்தில் பத்தைப் போட்டிருக்கிறார் மனுஷன். திங்கட்கிழமை மதியம் கிட்டாரும் ஆம்ப்ளிஃபையருமாக அவருடைய அறைக்குள் போய் நின்றேன். அவர் அசரவே இல்லை.

"நீங்க குடுத்தது தகர டப்பாவாட்டம் இருந்துதுங்க. ஆறு மாசம் தாங்காது. இது ஆயுசுக்கும் போகாதுங்க."

"ஆயுசுக்கும் இப்படியே மொத்தையா கேக்கணுமாண்ணா? வித்தியாசம் தெரியலையா உங்களுக்கு?"

"என்னங்க வித்தியாசம்? ரெண்டும் சத்தந்தானுங்களே!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அப்படியே ஒரு கார்டு வாசித்தேன். பிறகு அவர் கையாலேயே ஐந்நூறு கேயை மாற்றி மாட்ட வைத்து, அதே கார்டை மறுபடி வாசித்தேன். அதற்குள் செக்கிங் பெண்கள் பத்துப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள். ஃபேக்டரி மேனேஜரும் எட்டிப் பார்த்தார். "அட, பளிச்சுனு இருக்குதே!" என்றார். பெண்கள் கைதட்டினார்கள். அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைக் கிட்டாரின்மேல் வைத்தார், கண்ணை மூடினார். "இன்னொருக்கா வாசிங்க" என்றார். வாசித்தேன். "ரெண்டும் ஒண்ணுதானுங்க அம்மிணி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். மேனேஜர் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே மேனேஜர் அவரைக் காது டெஸ்டுக்கு அனுப்பினார். இருபத்தைந்து வருஷம் நிட்டிங் ஹாலின் இரைச்சலில் நின்ற காது. மெல்லிய சத்தம் எதுவும் அதில் விழுவதில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மெஷினைக் காதால் பார்க்கிற வேலை அது. இது தெரிந்தால் வேலை போய்விடும் என்று, நாங்கள் பேசும்போது வாயசைவைப் பார்த்தே சமாளித்திருக்கிறார். மெஷினுக்கு ஸ்க்ரூ டிரைவர். என் கிட்டாருக்கும் அதே ஸ்க்ரூ டிரைவர். அவரைக் குடோன் கேட்டில் உட்கார வைத்தார்கள். வந்து போகிற வண்டிகளைக் குறித்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்தார்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை, எப்படித் தெரிந்ததோ. பட்டைத் திருநீறோடு, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி ஓரமாக நின்றிருந்தார். பாட்டு நன்றாகவே அமைந்தது, பெரியவர்கள் தலையாட்டிவிட்டார்கள். வெளியே கேக் கொடுக்கிற நெரிசலில் அவரிடம் போனேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. குனிந்துகொண்டு, "என்னாலதாண்ணா எல்லாம், மன்னிச்சிருங்க" என்றேன்.

"ஆமாங்க அம்மிணி" என்றார் சந்தோஷமாக. "அருமையா இருந்துச்சுங்க."

பொங்கலுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டுச் சேவூருக்குப் போய்விட்டார். போகிற அன்று இந்தக் குமிழையும் கன்ட்ரோலையும் என் மேசையில் வைத்து, "வீசிறாதீங்க, நல்ல சாமானுங்க" என்றார். ஏன் மனுஷா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் தனியாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் என்ன ஊரெல்லாம் தமுக்கடிக்கவா போகிறேன்? அடித்தேன்தான். ஆம்ப்ளிஃபையர் வைத்தே அடித்தேன்.

போன வாரம் கிட்டாருக்கு இன்னொரு பிக்கப் வாங்கினேன். கன்ட்ரோல் வேண்டுமென்று இழுப்பறையைக் கிளறினால் இதுதான் கைக்கு வருகிறது. திருகிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், இத்தனை வருஷத்தில் ஒரு பிசிறு இல்லாமல் சுற்றுகிறது. சேவூர் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் கத்தத் தெரிந்த எனக்கு, எதிரே நின்று, முகத்தை நிமிர்த்தி, அவருக்குக் கேட்கிற மாதிரி அந்த ஒன்றைச் சொல்ல மட்டும் இன்னும் வாய் வரவில்லை.