காலனிக்காரர்

எங்கள் அப்பா காத்தவராயனுக்குச் சென்னையில் வீடு பிடித்துக் கொடுத்தது நானும் இல்லை, புரோக்கரும் இல்லை. ஒரே ஒரு சொல். அதை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள். அந்தக் குழப்பத்துக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அண்ணாகிராமம் பக்கத்தில் எங்கள் வீடு. கரும்பு வெட்டும் காலத்தில் அப்பா நெல்லிக்குப்பம் ஆலைக்கு டிராக்டரில் கரும்பு ஏற்றிப் போவார். மற்ற நாட்களில் முந்திரித் தோப்பில் என்ன வேலை கிடைக்கிறதோ அது. டிராக்டர் சொந்தமில்லை, கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த இடது முழங்கால் மட்டும்தான் சொந்தம். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் என்னைச் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் போட்டு பி.ஃபார்ம் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் கொஞ்ச காலம் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்த்தேன். பிறகு சென்னையில் நல்ல வேலை கிடைத்தது. லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தேன்.

அதற்குள் அம்மா போய்விட்டார். அப்பா காலையில் ஒரு தடவை பொங்கி, அதையே மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வீங்கி, வண்டியில் ஏற முடியாமல் ஆனபோது என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். லேடீஸ் ஹாஸ்டலில் அப்பாவை வைத்துக்கொள்ள முடியாது. வீடு கிடைத்தால் அப்பா என்னோடு, கிடைக்காவிட்டால் அதே மூன்று வேளைப் பழைய சோறு. விஷயம் அவ்வளவுதான்.

சென்னையில் வீடு பார்ப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது வெங்காயம் உரிக்கிற வேலை. எந்த ஊர் என்பார்கள். கடலூர் என்போம். கடலூரிலேயேவா என்பார்கள். பண்ருட்டி பக்கம் என்போம். பண்ருட்டி பக்கம் எங்கே என்பார்கள். அண்ணாகிராமம் என்போம். இதோடு விட்டால் நல்லவர்கள். விடமாட்டார்கள். அண்ணாகிராமத்தில் எந்தப் பக்கம், எந்தத் தெரு? தபால்காரருக்குக்கூட இவ்வளவு விவரம் தேவைப்பட்டதில்லை.

அப்பா ஒளிக்காமல் சொல்லிவிடுவார்: "காலனிங்க."

உடனே அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். அல்லது வெளிநாட்டிலிருந்து பையன் வந்துகொண்டிருப்பான். கொளத்தூரில் ஒரு வீட்டுக்கு அப்படி வந்துகொண்டிருந்த பையன் இன்னும் விமானத்தில்தான் இருக்கிறான் போல; டூலெட் போர்டு மழையில் நனைந்து வெளுத்தும் தொங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே அப்பாவிடம் சண்டை போட்டேன். பண்ருட்டி என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

"கேக்கறவங்க நிப்பாட்டலியே. நான் எங்க நிப்பாட்டறது?" என்றார். கோபமே இல்லாமல், வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

கடைசியாக அயனாவரத்தில் ஒரு சந்து. எட்டு வீடுகள் உள்ள பழைய அபார்ட்மென்ட். இரண்டாவது மாடி வீடு காலி. அதன் சொந்தக்காரர் ஜெயராணி கீழ்த்தளத்திலேயே தனியாக இருந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரும் வெங்காயத்தை உரித்தார். அப்பா வழக்கம்போல், கரும்பு டிராக்டர் ஓட்டியதையும் நெல்லிக்குப்பம் ஆலையையும் சொல்லி, "காலனிங்க" என்று முடித்தார். நான் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

ஜெயராணி முகம் மலர்ந்தது. "காலனியா சார்? நானும் காலனியில பொறந்து வளர்ந்தவதான்" என்றார்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில், அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒருவர் சந்தோஷப்பட்டு அவர் பார்த்ததில்லை. அந்தம்மா மேலே மேலே பேசினார். காலனி மாதிரி வருமா, எல்லாரும் ஒண்ணுமண்ணாக இருப்போம், ஒரு வீட்டில் சாவு என்றால் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியாது, பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டார்கள் என்றே தெரியாது என்றார். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டார். ஒரு பொய்யும் இல்லை. இரண்டு பேரும் சொன்னது அத்தனையும் நிஜம்.

அப்பா வெளியே முற்றத்துக் குழாயைத் திறந்து பார்க்கப் போனபோது ஜெயராணி தன் வீட்டுச் சுவரில் இருந்த போட்டோவை எனக்குக் காட்டினார். காக்கி உடையில் ஒருவர் ரயில் என்ஜினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "எங்கப்பா. பெரம்பூர் ரயில்வே காலனி, எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். உங்க மில் காலனியும் அப்படித்தான இருக்கும்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாவி அவர் கையில் இருந்தது.

மாடி வீட்டைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கும்போது அப்பா என் காதருகே வந்து, "நம்ம ஆளும்மா" என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் விளக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து அந்தம்மா அவருக்குத் தங்கச்சி. அவர் அந்தம்மாவுக்கு சார். இவர் தங்கச்சி என்பார், அவர் சார் என்பார். கேட்பவர்களுக்கு உறவு முறை விளங்காது.

அப்பா சென்னையில் இத்தனை சுலபமாக ஊன்றிக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. மோட்டார் எப்போது போடுவது, லாரித் தண்ணீர் என்றைக்கு வரும், மக்கும் குப்பை எந்த வாளி எல்லாம் எனக்கு முன்னால் அவருக்கு அத்துப்படி. அசோசியேஷன் கூட்டத்துக்கு நான் போகாமல் அவர் போனார். டேங்க் கழுவ ஆள் வராதபோது, எல்லா வீட்டுக்கும் போன் செய்து விரட்டி வேலையை முடித்தார். சீசனில் பண்ருட்டிக்குப் போய் ஒரு முழுப் பலாப்பழத்தோடு திரும்பினார். கிளாம்பாக்கத்திலிருந்து அதை ஆட்டோவில் கொண்டு வந்த கதையை இன்றைக்கும் சொல்வார். பாதி மற்ற வீடுகளுக்குப் போனது. மீதிப் பாதி தங்கச்சிக்கு. அந்தம்மா மீன் குழம்பு வைத்தால் கிண்ணம் மேலே ஏறி வரும். சாயங்காலம் அவர் வீட்டில் டீ. அவர் குடிக்கிற அதே மாதிரி டம்ளரில்தான் அப்பாவுக்கும். அதை அப்பா கவனித்திருந்தார். என்னிடம் சொல்லவும் சொன்னார்.

எனக்கோ எப்போதும் ஒரு பயம். அப்பா நிம்மதியாக மூன்று வேளையும் சூடாகச் சாப்பிடுகிறார், பிசியோதெரபி போய்க் கால் வீக்கம் வற்றிவிட்டது. இதெல்லாம் ஒரு வார்த்தையில் நிற்கிறது. அது என்றைக்கு அவிழும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவிழ்ந்தது. மூன்று பேரும் ஜெயராணி வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மார்கழியில் சிதம்பரம் போய் ஆருத்ரா தரிசனம் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. போகிற வழியில் எங்கள் ஊரில் ஒரு நாள் தங்கி முந்திரித் தோப்பையும் பார்த்துவிடலாம் என்று தானே திட்டம் போட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "குவார்ட்டர்ஸ்ல வெளியாளுங்கள தங்க விடுவாங்களா சார்? மில்லுல பர்மிஷன் வாங்கணுமா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. "குவார்ட்டர்ஸா?" என்றார்.

"உங்க மில் காலனியிலதான். எங்க ரயில்வே காலனியில பர்மிஷன் வாங்கணும்."

அப்பா அந்த என்ஜின் போட்டோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நாங்க சொல்ற காலனி அது இல்ல தங்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விழுங்கிக்கொண்டார். "அது இல்லீங்கம்மா."

இத்தனை மாதம் வாய் நிறையக் கூப்பிட்ட முறையை அவரே திருப்பி எடுத்துக்கொண்டார்.

"எங்க பக்கம் ஊரு தனி, நாங்க தனிங்க. ஊருக்கு வெளிய எங்க ஜனங்க இருக்கற எடத்துக்குப் பேருதான் காலனி. எஸ்.சி. ஜனங்க நாங்க. நீங்களும் எங்க ஆளுன்னு நெனச்சிக்கிட்டேன். நான் மறைக்கலீங்க, ஆனா நீங்க தெரியாம வூட்டக் குடுத்துட்டீங்க. காலி பண்ணச் சொன்னாலும் சரிதான்."

ஜெயராணி எழுந்து உள்ளே போனார். அந்த நிமிடத்தில் நான் மனசுக்குள் பெட்டி கட்டிவிட்டேன். ஹாஸ்டலில் இடம் இருக்குமா, அப்பாவை எந்த பஸ்ஸில் ஏற்றிவிடுவது என்று யோசனை ஓடியது. உள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்ததும், அதை அணைக்கத்தான் அவர் போனார் என்பதும் அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியல. பெருமைக்குப் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அப்பா கீழே வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு, "இப்ப உங்களைத் தெரியும். அது போதும். அப்ப நான் வந்தா உங்க வீட்லயே தங்கலாம்ல?" என்று கேட்டார்.

"ஓட்டு வூடுங்க. ஃபேன் இருக்கு. பாத்ரூம் கட்டியிருக்கோம்" என்றார் அப்பா, இன்னமும் வீடு கேட்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டே.

"கால் வலிக்கப் போவுது. உக்காருங்கண்ணே. டீ ஆறிடுச்சு, வேற போடறேன்."

சார் போய் அண்ணன் வந்துவிட்டது. என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. உதவி செய்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் நின்று அழுதேன். எத்தனையோ கதவுகள் சாத்திய இந்த நகரத்தின் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதியை நான் வைத்துக்கொள்ளத்தான் போகிறேன். ஆனால் அந்தம்மாவுக்கும், அவர் சொல்லாமல் விட்ட பொய்க்கும் நான் கடன்பட்டவள்.

ஹாலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக அந்தம்மாவிடம் மரியாதை விகுதியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"இஞ்சி கொஞ்சம் ஜாஸ்தியா போடு தங்கச்சி."