பாய்ச்சீலைப் பை

மழையில் நனைந்த ரெக்சின் ஒருவகைப் புளித்த நெடி வீசும். தென்னிலங்கையில் கடை வைத்திருந்த என் ஐயா கொண்டுவந்து தந்த முதுகுப்பை அது. ஐந்தாம் வகுப்பில் அதை மாட்டிக்கொண்டு எங்கள் ஊரான சுருவிலின் ஒழுங்கையால் நான் நடந்த நடையை நினைத்தால், இப்போதும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

என் பக்கத்தில் இருந்த மனோன்மணியின் பை, வள்ளத்துக்குக் கட்டும் "பாய்ச்சீலை"யில் அவளுடைய தாய் கையால் தைத்தது. நெடுந்தீவுக்குச் சாமான் ஏற்றிப்போன தகப்பன் வள்ளத்தோடு கடலில் போய்விட்டார். வீட்டில் மிஞ்சிக் கிடந்தது மாற்றிக் கழித்த ஒரு பழைய வள்ளப்பாய்தான். அந்த வருடம் புலமைப்பரிசில் சோதனை. தேறினால் அவளுக்குப் பட்டணத்தில் இலவசப் படிப்பு, தேறாவிட்டால் அடுப்படி.

ஓர் ஐப்பசி மழையில் என் பையின் தையல் ஓட்டைகளால் தண்ணீர் இறங்கிக் கொப்பிகள் எல்லாம் ஊறிப்போயின. பாய்ச்சீலையோ நனைய நனைய நூல் பருத்து இறுகும். அவளுடைய கொப்பிகளில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"பாரும், அவளின்ரை கொப்பி எப்பிடிக் காய்ஞ்சு கிடக்கு. உமக்கு வடிவான பை இருந்து என்ன பிரியோசனம்?" என்று வாத்தியார் என்னைக் கேட்டார். வகுப்பே சிரித்தது.

இடைவேளைக்குள் நான் கதை கட்டிவிட்டேன்: அது அவளுடைய தகப்பனின் பிணத்தைச் சுற்றிக் கொண்டுவந்த சீலை, தொட்டால் தீட்டு, "துடக்கு". பிள்ளைகள் அவளோடு இருந்த வாங்கை விட்டு எழும்பி ஓடினார்கள். மனோன்மணி அழவில்லை.

"என்ரை ஐயாவின்ரை உடம்பு கிடைக்கவேயில்லை. கிடைச்சிருந்தால் சுத்தித்தான் கொண்டுவந்திருப்பம்" என்றாள்.

அடுத்த கிழமை அவளுடைய தாய் வேறொரு பையோடு வகுப்பு வாசலுக்கு வந்தார். "இது புது மாச்சாக்கிலை தைச்சது, பிள்ளையள். இனியாவது அவளோடை இருங்கோ" என்று எங்களைக் கெஞ்சினார். முதலில் மூக்கைப் பொத்தியது நான்தான். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்போது அது எனக்கு இனித்தது. அதற்குப் பிறகு மனோன்மணி பள்ளிக்கூடம் வரவில்லை, சோதனைக்கும் வரவில்லை. நான் எழுதித் தேறினேன்.

போன வருடம் ஊருக்குப் போனேன். பாய் கட்டிய வள்ளங்களும் இல்லை, அந்தச் சீலையும் இல்லை. பிள்ளைகள் எல்லாருடைய முதுகிலும் நைலோன் பைகள். கூடப் படித்த ஒருத்தியிடம் மனோன்மணியைப் பற்றி விசாரித்தேன். அவளுக்குப் பெயர் பிடிபடவில்லை.

"ஓ, பிணச்சீலையோ? அவள் கலியாணமும் ஆகாமல் செத்துக் கனகாலம்" என்றாள். பிறகு, "அது உண்மையிலை பிணம் சுத்தின சீலைதானே?" என்று கேட்டாள்.

நான் "ஓம்" என்றேன்.