ஸம்ஸியாவின் கயிறு

ஸம்ஸியாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அன்று சிலாவத்துறைக் கரையில் அவள் பேசியது பக்கத்தில் நின்ற உம்மாவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பெப்ரவரியில் இறங்குதுறைத் தூணில் அவள் கட்டித் தொங்கவிட்ட கயிறு வெயிலில் கிடந்தது. அதில் ஒட்டி வளர்ந்த கடற்பீச்சிகள் எல்லாம் செத்துப்போயிருந்தன. தொட்டால் தண்ணீர் பீச்சும் சின்னப் பை போன்ற உயிர்கள் அவை. மீன்பிடிக்கிறவர்களுக்கு வெறும் அழுக்கு. கயிற்றில் அழுக்குப் பிடித்தால் கிணற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மணலில் காயவைத்து, பலகையால் தட்டி உதிர்ப்பார்கள். அவளுடைய மூத்த சகோதரர், றினாஸ் நானா, அதைத்தான் செய்திருந்தார். தங்கச்சிக்கு உதவியாம். உதவியாம், மண்ணாங்கட்டி!

"அவன் நல்லதுக்குத்தானே செய்தவன்," என்றார் உம்மா. அவன் எதை உடைத்தாலும் அந்த வீட்டில் அது நல்லதுக்குத்தான். ஸம்ஸியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடற்பீச்சி தன் முட்டையின் ஒரு ஓரத்தில் ஒரு செய்தியை வைத்துவிடுகிறது. முட்டை பிரிந்து பிரிந்து உருவாகும் முளையத்தின் எல்லாக் கலங்களிலும் ஒரே பரம்பரையலகுகள், அதாவது மரபணுக்கள்தான் இருக்கின்றன. ஆனால் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த கலங்களில் மட்டும் தசைக்கான அலகுகள் விழித்துக்கொள்ளும், வால் அடிக்கும். செய்தியை மறித்தால் கட்டையாக ஒரு வால் வரும், அசையாது. முந்தின நாள்தான் கரையோரத்து ஆய்வறையில் ஸம்ஸியா அதைச் செய்து காட்டியிருந்தாள். ஒருமுறை போதாது, அதே கயிற்று உயிர்களில் மறுபடியும் வரவேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இனி மறுபடி எங்கே? புதுக் கயிறு கட்டி, அதில் பீச்சிகள் வளர்ந்து முடிய, அவளுடைய முதுமாணிப் பட்டம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற றினாஸிடம் திரும்பினாள். "வாங்கோ நானா, நீங்க கழுவினது என்னெண்டு காட்டுறன்."

ஆய்வறையில் நுணுக்குக்காட்டியின் முன்னால் அவரை இருத்தினாள். முதல் தட்டில் முந்தின நாள் முட்டைகளிலிருந்து வந்த, தவளையின் வாற்பேத்தை மாதிரிக் குட்டிகள் வாலை அடித்து ஓடின. அடுத்த தட்டில் ஒன்றும் அசையவில்லை.

"இது ஏன் ஆடுதில்ல? செத்திட்டுதா?"

"உயிரோடதான் கிடக்கு. தசையாகு எண்டு சொல்லுற செய்தி இதுக்குப் போய்ச் சேரேல்ல. நான் மறிச்சிட்டன்."

றினாஸ் சட்டென்று நிமிர்ந்தார். "எனக்கும்தான் நீ ஒண்டும் சொல்லேல்ல. நான் என்னத்தைக் கண்டன்?"

ஒரு குற்றம் செய்த முகமா அது! தட்டை எடுத்து எறிந்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு. எறியவில்லை. குரல் இன்னும் தணிந்தது.

"இந்தக் குட்டிக்கு இன்னும் வாயே திறக்கேல்ல நானா. உங்களுக்கு நாப்பது வருசமாத் திறந்துதான் கிடக்கு. தங்கச்சி என்ன வேலை செய்யிறாள் எண்டு அதால ஒருநாள் கேட்டனீங்களா?"