டேப் ஒட்டிய வீட்டில் அணைந்த விளக்கு

எங்கள் வீட்டைக் கட்டியவர் ஒரு முருக பக்தர் என்று நான் கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். ரானுயி என்ற புறநகரில் நாங்கள் வாங்கியது பழைய பலகை வீடு. அதில் ஹாலை ஒட்டிய சின்ன அறையில், கிழக்கைப் பார்த்து, சுவருக்குள் உள்வாங்கிய ஒரு மாடம். உள்ளே பளிச்சென்று வெள்ளைப் பெயின்ட். மேலே மரத்தட்டு ஒன்று, திருநீற்று மடலும் கற்பூர டப்பாவும் வைக்கவே அளவெடுத்துச் செய்த மாதிரி. வீட்டைக் காட்ட வந்த ஏஜென்ட் வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். நானோ என் மனைவியின் கையைக் கிள்ளினேன். "வெள்ளைக்காரன் ஊருல சாமிக்குன்னு மாடம் வச்சுக் கட்டியிருக்கான் பாரு. இது நம்ம வீடுதான்."

அவள் யாழ்ப்பாணத்துக்காரி. என்னைப் போல மதுரைக்காரனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பாதி விஷயங்களுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டாள். ஒரு பழைய பட்டுச் சேலையைக் கிழித்து, மாடத்தின் மேல் விளிம்பில் தொங்கல் மாதிரி கட்டினாள். உள்ளே ஒரு பலகையைப் போட்டு வேல், பிள்ளையார், லட்சுமி படம், குத்துவிளக்கு. அம்சமாக இருந்தது.

கோடையில் குடிவந்தோம். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போட்டபோதுதான் எனக்கு நம்பிக்கை முற்றியது. அதற்கு முன்னால் பாட்டனி டவுன்ஸில் வாடகைக்கு இருந்தோம். அங்கே ஒரு ஊதுபத்தி கொளுத்தினாலே போதும், கூரையில் இருக்கிற ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டிவிடும். பூஜை என்றால் நான் நாற்காலி போட்டு ஏறி, குளிக்கும்போது தலையில் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியை அதன் தலையில் மாட்டிவிட்டு இறங்குவேன். இந்த வீட்டில் சாம்பிராணியைத் தட்டு நிறையப் போட்டாலும் அலாரம் வாயே திறக்கவில்லை. புகை பக்தியோடு பட்டுத் தொங்கலுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும். எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. தெய்வம் ஏற்றுக்கொள்கிறது என்று ஆபீஸில் நாலு பேரிடம் சொன்னேன். எல்லர்ஸ்லியில் நான் செய்கிற வேலை, கம்ப்யூட்டரில் பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கோடை முடியும்போது மாமா வந்தார். என் மனைவியின் அப்பா. மாமி போய்ச் சேர்ந்த பிறகு யாழ்ப்பாணத்து வீட்டில் தனியாக இருந்தவர். சமைக்காமல் பிஸ்கட்டும் பிளேன்டீயுமாகக் காலத்தை ஓட்டுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் போனில் சொன்னதும் என் மனைவி அழுது, கெஞ்சி, விசாவுக்கு அலைந்து கூட்டிவந்தாள். இனிமேல் இங்கேயே இருக்க வேண்டும் என்பது அவள் திட்டம். மாமா வந்து இறங்கியதும், "பாப்பம்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு இங்கே வேலை என்று இருந்தது ஒன்றுதான். பொழுது சாயும்போது கைகால் கழுவி, அந்த மாடத்தில் விளக்கேற்றுவது. மாமி இருந்தவரை அங்கே அது மாமியின் வேலை.

இலையெல்லாம் கொட்ட ஆரம்பித்ததும் எனக்குப் பயம் பிடித்தது. மனுஷன் வாழ்நாளில் குளிர் என்பதையே பார்க்காதவர். செருப்பு, சாக்ஸ் எதுவும் வீட்டுக்குள் போட மாட்டார். முதல் குளிர்காலத்தில் இருமல் பிடித்து, "என்னை அனுப்பு பிள்ளை" என்று அவர் சொல்லிவிட்டால், என் மனைவி என்னை அனுப்பிவிடுவாள். குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி என்று ராத்திரி பகலாகப் படித்தேன். அதில் எழுதியிருந்தது அளவாகச் செய்யச் சொல்லித்தான். அளவு என்ற சொல் என் கண்ணில் படவில்லை.

முதலில் தோட்டம். காய்த்து ஓய்ந்த சுரைக்காய்ப் பந்தலைப் பிரித்தேன். கறிவேப்பிலைத் தொட்டியை வராந்தாவுக்குத் தூக்கினேன். பிறகு கூரை விளிம்பில் தண்ணீர் ஓடுகிற கட்டரில் அடைத்த இலைகளை அள்ள ஏணியில் ஏறினேன். அங்கிருந்து ஆர்வக் கோளாறில் கூரை மேலேயே கால் வைத்தேன். கீழே பார்த்தேன். அவ்வளவுதான். பக்கத்தில் செங்கல்லில் ஒரு தூண் நின்றது. அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கன்னத்தை அதில் ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டேன்.

"இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள் அங்கை?" கீழேயிருந்து மனைவி.

"கூரை ஸ்ட்ராங்கா இருக்கான்னு பாக்குறேன்!"

"அதுக்கேன் சிம்னியைக் கொஞ்சிறியள்?"

கவனியுங்கள். சிம்னி என்று அவளே சொன்னாள். அதைக் கட்டிப்பிடித்து நின்றவன் நான். சிம்னி என்றால் அதற்குக் கீழே ஏதாவது இருக்குமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்கு அப்போது இறங்கினால் போதும் என்று இருந்தது.

இறங்கியதும் டேப். ஜன்னல் ஓரங்களில் ஒட்டுகிற ஸ்பாஞ்சு டேப்பைப் பை நிறைய வாங்கிவந்து, எல்லா ஜன்னலுக்கும் ஒட்டினேன். கதவுகளுக்கு அடியில் துணிச் சுருள் வைத்தேன். சமையலறை ஜன்னலைத் திறக்கவே முடியாதபடி இரண்டு அடுக்கு ஒட்டினேன். தரைப் பலகை இடுக்குகளில் பசை அடைத்தேன். பிறகு ஹாலின் நடுவில் நின்று கையை விரித்து, காற்று இல்லை என்று அறிவித்தேன்.

அன்று மாலை மாமா ஏற்றிய விளக்கு அணைந்தது.

"திரியிலை ஏதோ" என்றார். மறுபடி ஏற்றினார். நின்றது. கொஞ்ச நேரத்தில் சுடர் குனிந்தது, அப்படியே போனது. அடுத்த நாளும் அணைந்தது. அதற்கடுத்த நாளும். மாமா எண்ணெயை மாற்றினார், திரியைத் தடிமனாகத் திரித்துப் பார்த்தார். ஒருநாள் விளக்கைப் பார்த்தபடியே, என்னிடம் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

"ஏத்திற விளக்கு நூந்து நூந்து போகுதெண்டால், நீ இருக்கிற இடம் இதில்லையெண்டு சொல்லுது போலை. தம்பி, டிக்கெட் என்ன மாதிரி எண்டு ஒருக்கால் பாருங்கோ."

சமையலறையில் மனைவி தலையைக் குனிந்தபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெங்காயம் என்று நினைத்துக்கொள்ளலாம். என்னைப் பார்த்ததும், "ஏதாவது செய்யுங்கோ" என்றாள். "அப்பா போனா அந்த வீட்டிலை ஆரும் இல்லை."

வெளியே நான் பகுத்தறிவுவாதி மாதிரிதான் பேசினேன். "காத்துதான் மாமா, ஏதோ ஒரு இடுக்கு விட்டுப்போச்சு." உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது. வீட்டில் காற்று இல்லை என்று அறிவித்தவனே நான்தானே! காற்று இல்லாத வீட்டில் விளக்கை யார் ஊதுகிறார்கள்? மாமியாகத்தான் இருக்க வேண்டும், கல்யாணத்தின்போதே அவருக்கு என்னைப் பிடிக்காது என்று ஒரு பேருந்துப் பயணம் முழுக்க யோசித்தேன். வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் டேப் ஒட்டினேன். டேப் கூடக் கூட விளக்கு இன்னும் சீக்கிரம் அணைந்தது.

பயம் ஒரு அளவுக்கு மேல் போனால் எனக்கு அது வேடிக்கை பார்க்கும் ஆசையாக மாறிவிடும். ஒரு சனிக்கிழமை ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். புகை எங்கே வளைகிறதோ அங்கேதான் காற்று வருகிறது. ஜன்னல் ஜன்னலாக, மூலை மூலையாக, ப்ளக் பாயின்ட் முதற்கொண்டு காட்டினேன். என் மகள் படிக்கட்டிலிருந்து பார்த்தாள். இங்கே பிறந்த பிள்ளை, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். "டாட், ஆர் யூ ப்ளெஸ்ஸிங் த ப்ளக்?"

எங்கும் புகை நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. மாடத்துக்கு முன்னால் பிடித்தேன். அங்கே மட்டும் உள்பக்கமாக லேசாக இழுபட்டு, மேலே போனது. உள்ளே போகிற காற்று வெளியே வந்து விளக்கை அணைக்குமா? எனக்குக் கணக்கு உதைத்தது.

பொழுது சாயும் நேரம். மாமா விளக்கேற்றிவிட்டு ஓரமாகக் கைகட்டி நின்றார். நான் மாடத்துக்கு முன்னால் ஊதுபத்தியோடு குந்தினேன். சுடர் நேராக இருந்தது. புகையும் நேராக இருந்தது. சமையலறையில் மனைவி கடுகு தாளிக்கச் சட்டியை வைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள். கர்ர் என்று சத்தம். புகை அப்படியே திரும்பி என் முகத்தில் அடித்தது. சுடர் என் பக்கமாகச் சாய்ந்தது, அணைந்தது.

"ஃபேனை நிப்பாட்டு!" என்று கத்தினேன்.

"ஏன்?"

"நிப்பாட்டேன்!"

நிறுத்தினாள். புகை நேரானது.

"போடு!"

முகத்தில் அடித்தது.

"நிப்பாட்டு! போடு! நிப்பாட்டு!"

"உங்கடை விளையாட்டுக்கு இஞ்சை கடுகு கருகுது!"

பட்டுத் தொங்கலை ஒதுக்கினேன். வேலையும் பிள்ளையாரையும் மெதுவாக நகர்த்திவிட்டு, மாடத்துக்குள் தலையை நுழைத்து, மல்லாக்கத் திரும்பினேன். என் வயிற்றுக்கு அது சாதாரண ஆசனம் இல்லை. மேலே கூரை இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கறுத்த செங்கல் சுவர் நாலு பக்கமும் ஒடுங்கி ஒடுங்கி ஏறியது. அதன் உச்சியில், உள்ளங்கை அகலத்துக்கு, சாயங்கால வானம். பார்த்துக்கொண்டே இருந்தேன். பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டுக்குள் படுத்துக்கொண்டு வானம் பார்க்கிறோம் என்ற ஆச்சரியம் மட்டும்தான். நெற்றியில் ஒரு மழைத்துளி விழுந்தது, திருநீறு வைக்கிற இடத்தில்.

"மாமா, இங்க வானம் தெரியுது" என்றேன், உள்ளேயிருந்து.

மாமா என்னை இழுத்து வெளியே எடுத்துவிட்டு, தானே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு மாதிரியான பிரகாசம்.

"தம்பி, இது புகைக்கூடெல்லோ! அடுப்புக்குள்ளை கொண்டு போய் முருகனை வைச்சிருக்கிறியள்."

பிறகு அவரும் சோதித்துப் பார்த்தார். "பிள்ளை, ஃபேனைப் போடு" என்றார். என் மனைவி, நான் சொன்னபோது காட்டாத பணிவோடு போட்டாள். விளக்கை மறுபடி ஏற்றி, ஃபேனைப் போட்டு, நிறுத்தி, ஏற்றி, அப்பாவும் மகளும் தீப்பெட்டியைக் காலி செய்தார்கள். சமையலறை ஜன்னலில் நான் ஒட்டிய டேப்பை உரித்துக் கொஞ்சம் திறந்தார் மாமா. ஃபேன் ஓடியது. விளக்கு அசையவில்லை. ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது, அந்த அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். முன்பு ஜன்னல் இடுக்கால் வந்தது. நான் எல்லா இடுக்கையும் அடைத்ததும் அது முருகன் தலைக்கு மேலே இருந்த ஓட்டையால் வந்தது.

சாமியை இடம் மாற்ற வேண்டுமா என்று மனைவி கேட்டாள். "சமைக்கிற நெருப்பு எரிஞ்ச இடம்தானே, இருக்கட்டும்" என்றார் மாமா. குளிர்காய்கிற நெருப்பு என்று நான் திருத்தவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரம்மா, அந்த அடுப்பில் நெருப்பு மூட்டுவதை நிறுத்திய பிறகு பழைய சொந்தக்காரரின் நாய் அதற்குள்தான் படுத்திருக்கும் என்றார். வைரவரின் வாகனம்தானே என்று நான் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். நீங்களும் மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

ஒரு மரப்பலகையை அளவாக அறுத்து, தொங்கலுக்குப் பின்னால், புகைக்கூட்டின் வாயை அடைத்தோம். விளக்கு ஆடாமல் நின்றது. குளிரும் குறைந்தது. வெள்ளிக்கிழமை மனைவி சாம்பிராணி போட்டாள். போகிற வழி இல்லாத புகை ஹாலுக்கு வந்தது. குடிவந்த நாளிலிருந்து மௌனவிரதம் இருந்த ஸ்மோக் அலாரம் அலறியது. நான் பிளாஸ்டிக் தொப்பியைத் தேடிக் குளியலறைக்கு ஓடினேன். நான் வருவதற்குள் மாமா பலகையை உருவி எடுத்துவிட்டார். புகை திரும்பி மாடத்துக்குள் போனது.

அதற்குப் பிறகு அந்தப் பலகை அவர் பொறுப்பு. சட்டம் அடித்து, ஓரத்தில் மெழுகு தேய்த்து, இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிற மாதிரி செய்தார். தினமும் விளக்குக்கு மூடுவார். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குத் திறப்பார். மழை வருமா, காற்று எந்தப் பக்கம் என்று காலையிலேயே வெளியே போய்ப் பார்ப்பார், தன் மகள் வாங்கிக் கொடுத்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு.

ஆகஸ்ட் வாக்கில், இங்கே குளிர்காலம் முடியப்போகிற நேரத்தில், நானே பேச்சை எடுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது எனக்கு. "மாமா, டிக்கெட் பாக்கச் சொன்னீங்களே?"

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் சாதம் ஆறிப்போனது.

மாமா ரசத்தைக் குடித்து முடித்தார். "நான் போனா ஆர் பலகையை இழுக்கிறது? நீங்களோ? நீங்கள் அதையும் டேப் போட்டு ஒட்டிப்போடுவியள்."

விளக்கை அணைத்தது சமையலறை ஃபேன். அதற்குக் காற்று வர வேறு வழி இல்லாமல் செய்தது நான் ஒட்டிய டேப். மாமா டிக்கெட் எடுக்கவில்லை.